ஜெனரலின் பின்சீட்டு

என் மனைவி செல்வமலர் எந்த வாகனத்திலும் பின்சீட்டில் இருக்க மாட்டாள். டாக்ஸி பிடித்தாலும் முன்கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில்தான் ஏறுவாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இதை நான் எனக்குச் சாதகமாகவே விளங்கி வைத்திருந்தேன். மனிசிக்கு என் பக்கத்தில் இருக்க ஆசை என்று நினைத்தேன். டாக்ஸிக்காரர்களுக்குப் பக்கத்திலும் அதே முகத்தோடுதானே இருக்கிறாள் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

என் பெயர் உருத்திரமூர்த்தி. மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற லொறி ஓட்டுகிறேன். பெட்டியை அப்படியே மேலே உயர்த்தி விமானத்தின் கதவோடு ஒட்ட வைக்கிற லொறி அது. அதை ஒரு கீறல் படாமல் ஒட்ட வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் அபிப்பிராயம். என்னோடு வேலை செய்கிறவர்களுடைய அபிப்பிராயத்தை நான் கேட்டதில்லை.

வீட்டில் ஒரு கொரோலா இருக்கிறது. அதன் சட்டதிட்டங்களைச் சொன்னால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கே விளங்கிவிடும். உள்ளே சாப்பிடக்கூடாது. றேடியோவை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. பின்கதவுகளைப் பிள்ளைகள் உள்ளிருந்து திறக்காதபடி பூட்டி வைக்க ஒரு சின்னக் கொளுக்கி இருக்கும் அல்லவா, அதை என் மகள் சாம்பவி குழந்தையாக இருந்தபோது பழைய காரில் போட்டேன். அவள் வளர்ந்து, படித்து, ஆஸ்பத்திரியில் வேலைக்கும் போய்விட்டாள். அதற்கிடையில் காரும் மாறிவிட்டது. புதிய காரிலும் அந்தக் கொளுக்கியைப் போட்டுத்தான் வைத்திருந்தேன். யாராவது கதவை வீசித் திறந்து பக்கத்துக் காரில் இடித்துவிட்டால் என்ன செய்வது? பின்சீட்டில் இருப்பவர்கள் நான் இறங்கி வந்து திறந்துவிடும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். இதை மரியாதை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனாலும் நான் உள்ளே போவதில்லை. கோயில் வாகனத் தரிப்பிடத்தில் சனங்கள் கார் விடுகிற விதத்தைப் பார்த்தால் நீங்களும் போக மாட்டீர்கள். செல்வமலர் உள்ளே போய் அர்ச்சனை செய்துவிட்டு வருவாள். நான் கொரோலாவுக்குக் காவல் நிற்பேன். முருகன் கோபிக்க மாட்டார், அவரும் வாகனம் வைத்திருப்பவர்.

இப்படியிருக்க, சாம்பவிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பிரசாந், தங்கமான பொடியன். கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, ஒன்றைத் தவிர. எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் இப்போது தாலி கட்டுவதைவிடப் பெண் மண்டபத்துக்கு வந்து இறங்குவதுதான் பெரிய விஷயம். போன வருஷம் ஸ்ரீதரன் தன் மூத்த மகளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். ஸ்ரீதரன் என்னோடு ஒன்றாகப் படித்தவன், ஒரே வருஷம் கனடாவுக்கு வந்தவன், என்னைவிடப் பெரிய வீடு வாங்கியவன். குதிரை மண்டப வாசலில் நின்று சிவப்புக் கம்பளத்தில் விட்டை போட்டது. அதைக்கூட வீடியோக்காரன் ஸ்லோ மோஷனில் எடுத்து அழகாக்கிவிட்டான். நான் கை தட்டினேன். ஆனால் அன்றைக்கே மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தேன்.

அந்தச் சபதம்தான் என்னை மதாம் இனெஸ் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஒரு நாட்டின் தலைவர் பாவித்த கார், நல்ல நிலையில் விற்பனைக்கு. மரிந்தா என்று ஒரு தீவு. அதை நெடுங்காலம் ஆண்டவர் ஜெனரல் வர்காசோ. அவருடைய அக்காள் மகள்தான் இந்த மதாம். ஜெனரல் விழுந்தபோது குடும்பம் ஆளுக்கொரு பக்கமாக ஓடியது. மதாம் ஒரு காரோடும் ஒரு கிளியோடும் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். கிளி செத்துப்போயிற்று.

காரைக் கண்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. கறுப்பு நிறம். எங்கள் வீட்டு வரவேற்பறையைவிட நீளம். கண்ணாடி என் சுண்டுவிரல் தடிப்பு, குண்டு துளைக்காது. நான் நேரே டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பிறகு இறங்கவே மனம் வரவில்லை. பின்சீட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவருக்கு டிரைவர் சீட்டுத்தான் கண்ணில் படும்.

மதாம் காப்பி தந்தார். காப்பியோடு மாமாவின் கதையையும் தந்தார். அவருடைய பிரெஞ்சில் எனக்குப் பாதிதான் விளங்கியது. மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார். ஜெனரலிடம் நாற்பது கார்கள் இருந்தனவாம். மீன் பிடிக்கப் போக ஒன்று. பூசைக்குப் போக ஒன்று. கிளி மட்டும் போய்வர ஒன்று. ஆனால் அவர் அதிகம் நேசித்தது இந்தக் கறுப்புக் காரைத்தான். ஏனென்றால், மதாம் குரலைத் தாழ்த்தினார், ஜெனரல் படைக்குப் போவதற்கு முன் சீனி ஆலை முதலாளி ஒருவரின் இதே மாதிரிக் கறுப்புக் காருக்கு டிரைவராக இருந்தவர். இந்தக் கதையைச் சொன்னதற்காக மரிந்தாவில் ஆட்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். முதலாளி அவருடைய பெயரைக்கூடக் கேட்டதில்லை, "ஏய், சக்கரம்" என்றுதான் கூப்பிடுவார். மழையிலும் வெயிலிலும் காருக்குள்ளேயே படுத்து எழும்பிய மனிதர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் வேலையிலிருந்து போய் ஒரு நாட்டுக்கே தலைவர். நான் இத்தனை வருஷமாக லொறி ஓட்டுகிறேன், எனக்கு ஒரு மேற்பார்வையாளர் வேலைகூடத் தர மாட்டேன் என்கிறார்கள்.

"ஆட்சிக்கு வந்த பிறகும் அவர் டிரைவிங்கை விடவில்லை" என்றார் மதாம். "விருந்தாளிகளைப் பின்சீட்டில் இருத்தித் தானே ஓட்டிக்கொண்டு போவார். மந்திரிகள், பத்திரிகைக்காரர்கள், பல்கலைக்கழக வாத்திமார், மாணவர்கள்கூட. கடற்கரை வரைக்கும் போவார்கள். அவ்வளவு எளிமை."

"திரும்பி வரும்போது?" என்று கேட்டேன். காரின் எரிபொருள் செலவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"திரும்பி வரும்போது தனியாக வருவார். பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். நல்ல குரல்."

என்ன மனிதர் என்று நினைத்தேன். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தேன். காரை வாங்கிவிட்டேன்.

மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில் எங்கள் வீட்டு வாசலில் பனிக்காலத்துக்குக் கார் விடுகிற வெள்ளைச் சீலைக் கொட்டகை போட்டிருந்தோம். பங்குனி மாதம், அதை இன்னும் கழற்றவில்லை. கொரோலாவைத் தெருவில் விட்டுவிட்டு ஜெனரலின் காரைக் கொட்டகைக்குள் விட்டேன். முன்பக்கம் கராஜ் கதவில் முட்டியது, பின்பக்கம் நடைபாதை வரை நீட்டிக்கொண்டு நின்றது. பனி தள்ளுகிற வண்டிக்காரன் ஹோர்ன் அடித்து என்னைக் கூப்பிட்டு, நாங்கள் கோயிலில் சொல்லாத சொற்களாகச் சொன்னான்.

செல்வமலர் சமையலறையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். யன்னலால் பார்த்தாள்.

"இது ஆரின்ரை கார்?"

"ஒரு ஜனாதிபதியின்ரை கார். பிள்ளை கலியாணத்துக்கு இதிலைதான் வந்து இறங்கப் போறாள். ஸ்ரீதரனுக்கு வயிறு எரியும்."

"எந்த ஜனாதிபதி?"

"மரிந்தா எண்டொரு தீவு. உமக்குத் தெரியாது."

சாம்பவிக்கு அதற்குள் கைத்தொலைபேசியில் எல்லாம் தெரிந்துவிட்டது. "வொயோன், அப்பா" என்றாள். இதென்ன கூத்து என்பதற்குக் கியூபெக் பிள்ளைகள் சொல்கிற சொல் அது. என் வீட்டில் நாளொன்றுக்குப் பல தடவை கேட்கும். "இந்தாள் ஜனாதிபதி இல்லை, டிக்டேட்டர். எத்தினையோ ஆயிரம் ஆக்களைக் காணாமல் ஆக்கினவன் எண்டு போட்டிருக்கு."

"பிள்ளை, பெரிய மனிசரைப் பற்றி நாலு விதமாய்க் கதைப்பினம். எதிரியள் எழுதுறதை எல்லாம் நம்பக்கூடாது."

யாழ்ப்பாணத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, அகதி வழக்குப் பேசி, இந்த நாட்டில் காலூன்றிய ஒருவனுடைய வாயிலிருந்து வந்த வசனம் இது. வேறு யாரும் சொல்லியிருந்தால் நான் சட்டையைப் பிடித்திருப்பேன்.

பயற்றங்காய் முறிகிற சத்தம் நின்றுவிட்டது. செல்வமலரின் தமையன் அருமைநாதன் காணாமல் போனவர். கொழும்பில் குடும்பத்தோடு இருந்து படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்த வான் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. இவ்வளவும் எனக்குத் தெரியும், கல்யாணம் பேசும்போதே சொன்னார்கள். அதற்குமேல் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. காணாமல் ஆக்கினவன் என்ற சொல் சமையலறைக்குள் விழுந்ததையும் பயற்றங்காய் நின்றதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கார் நனையாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள். "பிள்ளை இதிலை ஏறுறதெண்டால் முதல் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாந்தி செய்யவேணும். அவள் இருக்கப்போற இடத்திலை முதல் நான் இருந்து பாப்பன். இருந்து பாத்து எனக்குச் சரியெண்டால் அவள் போகட்டும். இல்லையெண்டால் இல்லை."

சாம்பவி என்னைப் பார்த்தாள். "அம்மா ஓமெண்டால்தான் நான் ஏறுவன், அப்பா."

எனக்குச் சந்தோஷம். செல்வமலர் பின்சீட்டில் ஏற ஒத்துக்கொண்டதே காரின் மகிமை என்று நினைத்தேன்.

ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய காருக்குப் பூசை செய்வது புதிய விஷயம் இல்லை. வாங்கியவரின் பெயர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை, நாலு சில்லுக்கும் கீழே வைத்து நசிக்க நாலு தேசிக்காய், முடிந்தது. ஆனால் ஐயரும் கைத்தொலைபேசி வைத்திருக்கிறார். ஜெனரலின் பெயரைச் சொன்னதும் தேடிப் படித்துவிட்டார். பிறகு, "உருத்திரமூர்த்தி, இது பெரிய தோஷமாய்க் கிடக்கு" என்றார். "முந்தின சொந்தக்காரன்ரை பேருக்கும் ஒரு சாந்தி செய்து விடுவம். நட்சத்திரம் என்ன?"

இப்படித்தான் நான் மரிந்தாவின் சர்வாதிகாரியுடைய நட்சத்திரத்தைத் தேடத் தொடங்கினேன். சரித்திரம் எழுதுகிறவர்கள் யாரும் அதைத் தேடியிருக்க மாட்டார்கள். அரசாங்கக் கணக்கில் அவர் பிறந்தது சுதந்திர தினத்தன்று. அது சட்டம் போட்டு மாற்றிய பிறந்தநாள். தேவாலயக் கணக்கில் ஒரு திருநாள், அது பாதிரியாரைச் சந்தோஷப்படுத்தப் போட்டது. ஒழுங்கான பிறந்தநாளே இல்லாத ஒரு மனிதருக்கு நான் நட்சத்திரம் பார்க்க வேண்டும். ஐயர் விட மாட்டேன் என்கிறார். "திகதியும் நேரமும் பிழைச்சால் அர்ச்சனை வேற ஆருக்கோ போயிடும்" என்கிறார்.

கடைசியில் மதாமிடமே கேட்டேன். எதற்கு என்று கேட்டார். எங்கள் சமயத்தில் முன்னாள் சொந்தக்காரருக்கு மரியாதை செய்கிற வழக்கம் என்றேன். மதாம் தொலைபேசியில் அழுதுவிட்டார். மாமாவை நினைக்க உலகத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறாரே என்று சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு உண்மையான நாளைச் சொன்னார். கரும்பு வெட்டுகிற காலம். தாய்க்காரி வண்டியில் கரும்புக் கட்டுகளுக்கு மேல் கிடந்து, விடிகிற நேரம் பெற்றாளாம்.

ஐயர் கணினியில் போட்டுப் பார்த்தார். "கேட்டை, மூண்டாம் பாதம்" என்றார்.

என்னுடைய நட்சத்திரமும் கேட்டை, மூன்றாம் பாதம். இதை வீட்டில் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. சாம்பவி கொரோலாவின் சாவி தொங்குகிற இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கொரோலாவைச் சாம்பவி கையில் கொடுத்தேன். தாயும் மகளும் அதில் வந்தார்கள். நான் முன்னால் கறுப்புக் காரில் போனேன். தெருவெல்லாம் திருத்தவேலை, செம்மஞ்சள் கூம்புகள். சந்திகளில் சனம் திரும்பிப் பார்த்தது. நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டி, விரலை மட்டும் ஆட்டிப் பார்த்தேன். ஜெனரல் அப்படித்தான் ஆட்டுவாராம். யாரும் பதிலுக்கு ஆட்டவில்லை.

கோயில் தரிப்பிடத்தில் ஸ்ரீதரன் நின்றான். தற்செயலாக வந்ததாகச் சொன்னான். வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவன் கண்ணில் தெரிந்ததைப் பார்த்தபோது, சாந்தி பூசை எனக்கு அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. ஐயர் தட்டோடும் தண்ணீர்ச் செம்போடும் வந்தார். இரண்டொரு குடும்பங்கள் கூடின. ஸ்ரீதரன் கைத்தொலைபேசியில் படம் எடுக்கத் தொடங்கினான்.

"நான் ஏறுறன்" என்றாள் செல்வமலர்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண் இருக்கவேண்டிய பக்கம் ஏறி இருந்தாள். நான் கதவை ராஜசேவகன் மாதிரி இரண்டு கையாலும் மூடினேன். பெட்டகம் மூடுவதுபோல ஒரு சத்தம். எனக்குப் பிடித்த சத்தம் அது. பிறகு தேசிக்காய்களை எடுத்துச் சில்லுகளுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைக்கப் போனேன். குனிந்து வைத்தேன், நிமிர்ந்து ஸ்ரீதரனுக்கு இயந்திரத்தைப் பற்றி விளக்கினேன், திரும்பக் குனிந்தேன். அவனும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடி எவ்வளவு தடிப்பு என்று சுண்டுவிரலை நீட்டிக் காட்டினேன். அப்போதுதான் உள்ளே செல்வமலர் கை அசைப்பதைக் கண்டேன்.

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள், வைத்து எடுத்தாள். வாயும் அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை. மனிசி சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். ஸ்ரீதரனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு நானும் அவளுக்குக் கை காட்டினேன். ஜெனரல் மாதிரி, விரலை மட்டும் ஆட்டி.

சாம்பவிதான் ஓடி வந்தாள். "அப்பா, அம்மாவுக்கு என்னவோ செய்யுது. கதவைத் திறவுங்கோ."

திறந்தேன். செல்வமலர் உடனே இறங்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் கையைப் பிடித்தேன்.

"உள்ளுக்குப் பிடி இல்லை" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கதவைத் திறக்கிற பிடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தோலை இழுத்து, சுருக்கம் இல்லாமல் தைத்திருந்தார்கள். மற்றப் பக்கக் கதவிலும் அப்படித்தான். கண்ணாடி இறக்குகிற பிடியும் இல்லை. உடைந்து விழுந்த இடம் அல்ல அது. யாரோ அளவெடுத்து, வெட்டி, நல்ல நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தான். மந்திரிகள், பத்திரிகைக்காரர்கள், வாத்திமார், மாணவர்கள். கடற்கரை வரைக்கும். திரும்பி வரும்போது தனியாக, பாட்டுப் பாடிக்கொண்டு. மதாம் ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் காப்பி ஊற்றித் தந்துகொண்டே சொல்லியிருக்கிறார், நான் எரிபொருளைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

செல்வமலர் தானாகவே இறங்கினாள். காரில் சாயாமல் தள்ளி நின்றாள்.

"அண்ணையை ஏத்தேக்கை நான் கேற்றடியிலை நிண்டனான்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சாம்பவிக்குத்தான் சொன்னாள். "பின்னுக்குத்தான் இருத்தினவங்கள். அண்ணை கண்ணாடியிலை கையை வைச்சு வைச்சு எடுத்தவன். கை காட்டுறான், போட்டு வாறன் எண்டு சொல்லுறான் எண்டு நினைச்சன். நானும் சிரிச்சுக்கொண்டு கை காட்டினனான், பிள்ளை. வான் போன பிறகுதான் விளங்கினது, அவன் கதவு திறக்கப் பாத்தவன்."

சாம்பவி தாயைக் கட்டிப்பிடித்தாள். ஸ்ரீதரன் கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். நான் என் கையைப் பார்த்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்கு அப்போது வந்தது வெட்கம் என்று சொன்னால் போதாது. அந்த இடத்திலேயே என் மேல் எனக்கு அருவருப்பு வந்தது.

ஐயர் தட்டைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாக, "அர்ச்சனையைச் செய்வமோ, அம்மா?" என்றார்.

ஜெனரலின் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. அவ்வளவு பாடுபட்டுத் தேடிய நட்சத்திரமும் பாதமும் நின்றன.

ஐயர் என்னிடம் கேட்கவே இல்லை. "அருமைநாதன், உத்தரட்டாதி. வழமைபோலத்தானே?" என்றார்.

"ஓம் ஐயா" என்றாள் செல்வமலர்.

உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்கிற அர்ச்சனை அது. ஒவ்வொரு வெள்ளியும் அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஐயருக்கு அது பாடம். அவருடைய உதவியாளருக்கும் பாடமாக இருக்கும். அவளுடைய புருஷனுக்கு மட்டும் மச்சானுடைய நட்சத்திரம் தெரியாது, அவன் வெளியே கொரோலாவுக்குக் காவல் நின்றான்.

அர்ச்சனை முடிந்ததும் தாயும் மகளும் கொரோலாவில் வீட்டுக்குப் போனார்கள். சாம்பவி ஓட்ட, செல்வமலர் முன்னுக்கு இருந்தாள். நான் குந்தியிருந்து தேசிக்காய்களைச் சில்லுகளுக்குக் கீழேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்தக் காரை அவற்றின் மேல் ஏற்ற எனக்கு விருப்பம் இல்லை.

ஸ்ரீதரன் ஆடி மாதம் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு இரண்டாவது மகளும் இருக்கிறாள். "மச்சான், நீ பாவிக்கேல்லையெண்டால் உந்தக் காரை எனக்குத் தாவன். ஒரு பிடி பூட்டினால் சரிதானே" என்றான். நான் அவனைக் காரடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்கதவைத் திறந்து, "முதல் நீ இருந்து பார்" என்றேன். இருந்தான். மூடினேன். கொஞ்ச நேரம் வெளியே நின்று, அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திறந்தேன். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டான். கார் அடுத்த கிழமை பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. இழுக்க வந்தவன் இரண்டு லொறி கொண்டுவந்திருக்க வேண்டும் என்று புறுபுறுத்தான். நசிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

கல்யாணம் ஆவணியில். அன்று விடியக் கொரோலாவைக் கழுவினேன். மாலை கட்டினேன். பிறகு பின்கதவுகளைத் திறந்து, சாவி நுனியால் அந்தச் சின்னக் கொளுக்கிகளைத் தட்டிவிட்டேன். ஒன்று இறுகிப்போய் இருந்தது. நன்றாக நெம்ப வேண்டியிருந்தது. பின்சீட்டில் ஏறி இருந்து, கதவை மூடி, உள்ளிருந்து திறந்து பார்த்தேன். திறந்தது. திரும்ப மூடினேன், திரும்பத் திறந்தேன். படம் எடுக்க வந்த பொடியன் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தொலைபேசி எடுத்து, பெண்ணின் தகப்பனுக்குச் சுகமில்லைப்போல என்று சொன்னதாகப் பிறகு அறிந்தேன்.

சாம்பவி கூறைச்சேலையோடு வந்து பின்னால் ஏறினாள். நான் வழக்கம்போல முன்கதவைச் செல்வமலருக்காகத் திறந்து பிடித்தேன். அவள் வரவில்லை. பின்பக்கம் போய் மகளுக்குப் பக்கத்தில் ஏறினாள். கதவை மூடினாள். பிடியில் கை வைத்தாள். திறந்தாள். மூடினாள்.

"சரி, எடுங்கோ" என்றாள்.

மண்டப வாசலில் எல்லாரும் கூடி நின்றார்கள். குதிரை இல்லை, ஜெனரல் இல்லை, கொரோலா. நான் கதவு திறக்க ஓடிச் சுற்றிவரும்வரை படக்காரப் பொடியன் காத்திருந்தான், அவனுடைய படத்தில் அது முக்கியமான இடம். நான் காரின் முன்பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. சாம்பவி தானே கதவைத் திறந்தாள். வீசித்தான் திறந்தாள். கதவு பக்கத்தில் நின்ற ஸ்ரீதரனின் வானில் போய் மோதியது.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சாம்பவி, "பார்தோன், அப்பா" என்று மன்னிப்புக் கேட்டாள். மற்றப் பக்கக் கதவும் திறந்து செல்வமலர் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கீறல் இன்னும் கதவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் தரிப்பிடத்தில் வேறு கீறல்களும் சேர்ந்துகொண்டு வருகின்றன, காவலுக்கு ஆள் இல்லை. நான் உள்ளே நிற்கிறேன்.